அமெரிக்கச் சுருள் அஞ்சல்தலைகள்: வாங்கும் முன் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எதிரெதிரான இரண்டு பக்கங்களில் துளைப் பல், மற்ற இரண்டு பக்கங்களில் நேர் வெட்டு. இப்படியொரு பழைய அமெரிக்க அஞ்சல்தலை கிடைத்தால் அது சுருளிலிருந்து பிரிக்கப்பட்டதாக இருக்கலாம். தாளிலிருந்து எடுத்த சாதாரணத் தலையின் பற்களை யாரோ கத்தரித்ததாகவும் இருக்கலாம். முதலாவது சில வகைகளில் பெரும் விலை பெறும். இரண்டாவதற்கு மதிப்பே இல்லை. எனவே, பணத்தை வெளியே எடுக்கும் முன் அளவுகோலை எடுக்கப் பழகுங்கள்.

காசு போட்டால் அஞ்சல்தலை தரும் இயந்திரங்களும், உறைகளில் தலையை ஒட்டித் தரும் இயந்திரங்களும் அமெரிக்காவில் பரவிய காலம் அது. அவற்றுக்காக அஞ்சல் துறை 1908இல் சுருள்களை வெளியிடத் தொடங்கியது. 400 தலைகள் கொண்ட தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, பட்டையாக வெட்டி, 500 அல்லது 1000 தலைகள் கொண்ட சுருளாக்கினார்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது வாஷிங்டன் அல்லது பிராங்க்ளின் முகம். முகத்தைப் பார்த்து வகையைச் சொல்லிவிட முடியாது என்பதால்தான் கீழே உள்ள படிகள் தேவைப்படுகின்றன.

படி 1: கருவிகள்

தட்டை முனை இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், துளை அளவி, அரை மில்லிமீட்டர் வரை காட்டும் அளவுகோல், சிறிய கறுப்புத் தட்டு, நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான அடையாளம்) பார்க்கும் திரவம். பல திரவங்கள் எளிதில் தீப்பிடிப்பவை. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் பயன்படுத்துங்கள்.

படி 2: மலிவானதில் தொடங்குங்கள்

1916க்குப் பின் வந்த, நீர்க்குறி இல்லாத, வாஷிங்டன் முகம் கொண்ட 1 சென்ட் பச்சைச் சுருளை முதலில் வாங்குங்கள். அஞ்சல்தலைகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தும் ஸ்காட் பட்டியலில் இதன் எண் 490. கோடிக்கணக்கில் அச்சானது, விலை மிகக் குறைவு. தனித்தலை வேண்டாம், இணையாக வாங்குங்கள்: இரண்டு தலைகள் பிரியாமல் சேர்ந்திருக்கும்போது நடுவில் உள்ள துளைகளை முழுதாகப் பார்க்கலாம், நேர் வெட்டு இரண்டு தலைகளிலும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்றும் சரிபார்க்கலாம். இந்த இணைதான் இனி உங்கள் உரைகல். சந்தேகத் தலை எது வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: துளைகளை எண்ணுங்கள்

20 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதே துளை அளவு. அந்தக் கால அரசுச் சுருள்களில் மூன்று அளவுகள் உண்டு. 1908இல் 12. பற்கள் நெருக்கமாக இருந்ததால் பட்டை எளிதில் அறுந்தது. 1910இல் 8½ ஆக்கினார்கள். இப்போது கிழிப்பது கடினமாயிற்று. 1914இல் 10 வந்தது. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 4: படத்தின் அளவை அளங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. முதலில் வந்தவை தட்டைத் தகட்டில் அச்சானவை. 1914 முதல், பெஞ்சமின் ஸ்டிக்னி வடிவமைத்த சுழல் அச்சு இயந்திரம் சுருள்களுக்கு வந்தது. தகட்டை உருளையாக வளைக்கும்போது உலோகம் வளைவின் திசையில் சற்றே நீள்கிறது. படமும் அந்தத் திசையில் நீள்கிறது. தட்டை அச்சில் படம் சுமார் 18½ முதல் 19 மி.மீ. அகலம், 22 மி.மீ. உயரம். பக்கவாட்டில் தொடரும் சுழல் அச்சுச் சுருளில் அகலம் 19½ முதல் 20 மி.மீ. ஆகிறது. மேலும் கீழுமாகத் தொடரும் சுருளில் உயரம் அரை மி.மீ. அளவுக்குக் கூடும். அளக்க வேண்டியது அச்சான படத்தை, காகிதத்தை அல்ல. காகிதத்தைக் கத்தரிக்கலாம், அச்சான படத்தை யாராலும் நீட்ட முடியாது.

1914 ஜூன் 30இல் வெளியான 2 சென்ட் தலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுழல் அச்சு, துளையே இல்லை, அரிய சுருள். அதே தோற்றத்தில் துளையில்லாத தட்டை அச்சுத் தாள்களும் உண்டு, அவை மலிவு. இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

படி 5: நீர்க்குறி

தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து இரண்டு சொட்டு திரவம் விடுங்கள். 1910க்கு முந்தைய காகிதத்தில் யு.எஸ்.பி.எஸ். எழுத்துகள் இரட்டைக் கோட்டில் தெரியும். அதன் பின் ஒற்றைக் கோடு. 1916 முதல் எதுவும் இல்லை. ஒரு தலையில் எழுத்தின் ஒரு மூலை மட்டுமே தெரியலாம், அதுவே போதும்.

படி 6: போலியைப் பிடியுங்கள்

போலிகள் இரண்டு வழிகளில் பிறக்கின்றன. தாள் தலையின் இரு பக்கப் பற்களை வெட்டுவது ஒன்று. இதில் தலை உண்மைச் சுருளைவிடக் குறுகியிருக்கும். வெட்டிய இரண்டு பக்கங்களும் பெரும்பாலும் இணையாக ஓடா. துளையில்லாத தலைக்குப் புதிதாகத் துளை போடுவது இன்னொன்று. உங்கள் உரைகல் இணையின் துளை அளவு 10; அதே அளவுள்ள தலையென்றால் இணையின் துளைகளோடு பொருத்திப் பாருங்கள். இடைவெளியோ துளையின் விட்டமோ மாறினால் விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் நேராக இருப்பது சுருளுக்கு அடையாளமே அல்ல. 400 தலைத் தாள்களை நான்காக வெட்டியபோது வெட்டுக் கோட்டை ஒட்டிய தலைகளுக்கு இயல்பாகவே நேர் விளிம்பு வந்தது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

இந்தப் போலிகளின் ஆசையெல்லாம் 'ஆரஞ்ச்பர்க் சுருள்' போன்றவற்றின் மீதுதான். 1911இல் வந்த 3 சென்ட் கருஊதா, துளை அளவு 12, ஸ்காட் எண் 389. நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க் ஊரில் பெல் என்ற மருந்து நிறுவனம் மருத்துவர்களுக்கு மாதிரி மருந்து அனுப்ப இதைப் பயன்படுத்தியது. உறையைத் தூக்கிப் போடுபவர்களிடம் போய்ச் சேர்ந்ததால் மிகச் சிலவே மிஞ்சின. அதே 3 சென்ட் தலை தாளிலும் வந்தது. மேலும் கீழும் வெட்டினால் பார்வைக்கு இதே தலைதான்.

படி 7: கோட்டு இணைகள்

கை பழகிய பின், இரண்டு தலைகளுக்கு நடுவே கோடு ஓடும் இணைகளைத் தேடுங்கள். சுழல் அச்சில் இரு வளைந்த தகடுகள் சேரும் இடுக்கில் மை தங்கி அந்தக் கோடு விழுகிறது. தட்டை அச்சிலோ, தாளை வெட்ட வரைந்த வழிகாட்டிக் கோடு அது. சாதாரண இணையைவிட இவற்றுக்கு விலை அதிகம்.

படி 8: சான்றிதழ்

விலை உயர்ந்த எதையும் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். நியூயார்க்கின் பிலாடெலிக் பவுண்டேஷன், அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கம் ஆகியவை நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து சான்று தருகின்றன. சான்றிதழிலுள்ள படமும் கையிலுள்ள தலையும் ஒன்றுதானா என்று முத்திரைக் கோடு, பல்லின் வடிவம் வரை ஒப்பிடுங்கள். சான்றிதழ் இல்லாத தலை பிடித்திருந்தால், அதை ஆய்வுக்கு அனுப்பலாம், போலி என்று முடிவு வந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள். மறுத்தால் அந்தத் தலை அவரிடமே இருக்கட்டும்.