பூஸ்ட் மீட்டர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட், அதைக் காட்டுவது பூஸ்ட் மீட்டர். டர்போ டீசல் லாரிக்கு அதை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஓர் இணைப்பு, ஒரு டியூப், ஒரு மீட்டர், அவ்வளவுதான். சுலபம் என்பதாலேயே யாரும் நிதானிப்பதில்லை. போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன், பல வருஷம் முன்பு நான் செய்த அதே காரியத்தை அதே தைரியத்தோடு செய்யப்போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். கிளிப்பை இறுக்கு, பேட்டரியைக் கழற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வேஸ்ட்கேட் குழாயை வெட்டுவது

டர்போவிலிருந்து, வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். கைக்கு எட்டுகிற இடம், துளை போடும் வேலையும் இல்லை. நடுவில் வெட்டி ஒரு டி ஜாயின்ட் செருகினால் ஐந்து நிமிஷத்தில் மீட்டர் வேலை செய்யும். நானும் செருகினேன். அதுவும் பிளாஸ்டிக் டி.

பூஸ்ட் ஓர் அளவைத் தொட்டதும் இந்தக் குழாய் வழியாக வரும் அழுத்தம்தான் ஆக்சுவேட்டரைத் தள்ளி வேஸ்ட்கேட்டைத் திறக்கிறது. புகையில் ஒரு பங்கு டர்போவின் டர்பைனைச் சுழற்றாமல் ஒதுங்கிப் போய்விடும், பூஸ்ட் அங்கேயே நிற்கும். குழாயில் கசிவு இருந்தால் ஆக்சுவேட்டருக்கு முழு அழுத்தம் போய்ச் சேராது. வேஸ்ட்கேட் திறக்கத் தாமதமாகும், சில சமயம் திறக்கவே திறக்காது. பூஸ்ட் பாட்டுக்கு ஏறும்.

சரி, ஏறினால் மீட்டரில் தெரியுமே என்பீர்கள். தெரியாது! இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். மீட்டரும் அதே ஓட்டைக் குழாயில்தானே தொங்குகிறது? வேஸ்ட்கேட் 1.2 பாரில் திறக்கும் என்று வையுங்கள். கசிகிற குழாயில் 1.2 சேரும்வரை டர்போ ஏற்றிக்கொண்டே இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் 1.7 ஆனாலும் முள் 1.2 பக்கத்திலேயே சமர்த்தாக நிற்கும். காவலுக்கு வைத்தவனே திருடனுக்குச் சாட்சி சொல்கிற கதை.

என் டி ஜாயின்ட் சூட்டில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் விரிந்திருந்தது. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின், எச்சரிக்க ஈ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. வண்டி மேட்டில் முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்று டிரைவர் சொன்னபோது நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், அதுதான் கொடுமை. அப்புறம் ஒருநாள் ரேடியேட்டரில் குமிழி வந்தது. ஏறிய பூஸ்ட் தாங்காமல், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, முகம் சமன் செய்து, மாட்டிக் கொடுத்த செலவு முழுவதும் என் பையிலிருந்து.

இணைப்பை, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் பிறகு, இன்டேக் மேனிஃபோல்டில் எடுங்கள். பல இன்ஜின்களில் அங்கே ஒரு பிளக் அடைத்தே இருக்கும். தேடிப் பார்க்க அலுத்துக்கொள்ளாதீர்கள். இன்டர்கூலருக்கு முன்னால் எடுத்தால் இன்ஜினுக்குப் போய்ச் சேர்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

மேனிஃபோல்டை வண்டியிலேயே வைத்துத் துளைப்பது

கழற்றுங்கள். ட்ரில் முனையில் கிரீஸ் தடவினால் துகள் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். இன்ஜினைக் கெடுக்க ஒட்டாத ஒரு துகள் போதும்.

மரை ஏறுகிறதே என்று இறுக்குவது

அமெரிக்க அளவான 1/8 என்.பி.டி. குழாய் மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் அளவான 1/8 பி.எஸ்.பி.டி. மரைக்கு 28. கோணமும் வேறு: 60 டிகிரி, 55 டிகிரி. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பிவிடும். அலுமினிய மேனிஃபோல்டில் அப்படி இறுக்கினால் மரை கிழியும். டெஃப்லான் டேப் அதைக் காப்பாற்றாது. டியூபுக்குப் பதில் வயரில் ஓடும் எலக்ட்ரிக் மீட்டர் என்றால், அதன் ஒற்றை வயர் சென்சார் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். அதில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் போய் மீட்டர் உளறும்.

பெட்ரோல் கார் மீட்டர்

வேண்டாம். அதில் வெற்றிடம் காட்டும் பாதி, டீசலில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

டியூபைக் கிடைத்த வழியில் இழுப்பது

எக்ஸாஸ்ட் பக்கம் போனால் நைலான் டியூப் உருகும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் துளையில் ரப்பர் கிராமெட் இல்லையென்றால் தகட்டு விளிம்பு மெல்ல மெல்ல அறுக்கும். கேபினுக்குள் ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். கசிவு தேட சைக்கிள் பம்பும் சோப்புத் தண்ணீரும் போதும்.

நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்துப் பார்ப்பது

லோடு இல்லாமல் டர்போ பெரிதாகத் தள்ளாது. நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் முள் கொஞ்சம்தான் அசையும். இது தெரியாமல் ஒரு நல்ல மீட்டரைப் பழுது என்று திருப்பிக் கொடுத்தவன் நான்.

அந்தப் பையனும் மேனிஃபோல்டு பிளக்கைத் தேடிப்பிடித்து, ஒழுங்காக மாட்டிவிட்டு, ஷெட்டிலேயே மிதி மிதி என்று மிதித்துப் பார்த்தான். பிறகு முகம் வாடி வந்தான்.

“அண்ணே, முள்ளு ஏறவே மாட்டேங்குது.”

“லோடு ஏத்தி மேட்டுல விட்டுப் பாரு, போ” என்றேன்.