எரிமலைக் கல்லில் கடல் வண்டலைத் தேடுவது எப்படி?

கடலடித் தட்டு அகழியில் வளைந்து இன்னொரு தட்டுக்கு அடியில் இறங்கும்போது, அதன் மேல் படிந்த வண்டலும் சேர்ந்து போகிறதா? போனால், எரிமலை வழியாகத் திரும்பி வருகிறதா? இந்தக் கேள்வியோடு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பெரிலியம்-10. இது பெரிலியத்தின் கதிரியக்க ஐசோடோப்பு, அதாவது அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணு வகை. ஸ்ட்ரான்சியம், ஈயம் எல்லாம் அப்புறம்தான்.

காஸ்மிக் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது பெரிலியம்-10 உண்டாகிறது. மழையோடு இறங்கிக் கடலடிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது. அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டுகள் என்பதால் ஒரு கோடி ஆண்டு தாண்டிய வண்டலில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கான மேன்டிலிலும் அது கிடையாது. ஆகவே புதிய லாவாவின் உள்ளே அது இருந்தால், அண்மைக்கால வண்டல் கீழே போய்த் திரும்பியிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். இவ்வளவு நேரடியான சாட்சி வேறு ஐசோடோப்பில் கிடைக்காது.

நிகரகுவாவில் தொடங்குங்கள். அங்கே அடியில் இறங்கும் கடலடித் தட்டான கோகோஸ் ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் நகர்கிறது. எரிமலைக்கு அடியை எட்ட 200 கிலோமீட்டர் சரிவு என்று வைத்தால் 25 லட்சம் ஆண்டு. அதற்குள் பெரிலியம்-10 கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். அளக்கப் போதும்.

கல் பொறுக்குவதில்தான் முக்கால்வாசி வேலை. மழை இன்றும் இதே பெரிலியத்தைக் கொண்டுவந்து கல்லின் மேல் போடுகிறது. அதனால் வெடித்த ஆண்டு பதிவாகியிருக்கும் லாவாவையே எடுங்கள். 1850இல் பிறந்த நிகரகுவா எரிமலை செர்ரோ நெக்ரோ நல்ல இடம். பழுப்பு ஏறிய தோலை முழுதாக அறுத்து நீக்குங்கள். லென்ஸில் பாருங்கள்: ஆலிவின் என்ற தாது பச்சையாகப் பளபளக்க வேண்டும். விளிம்பில் செம்மை தட்டியிருந்தால் அந்தக் கல் வேண்டாம், எவ்வளவு தூரம் நடந்து எடுத்ததாக இருந்தாலும் சரி.

அடுத்து, தாதுக்களைத் தனித்தனியாகப் பிரித்து பெரிலியம்-10க்கும் சிதையாத சாதாரணப் பெரிலியம்-9க்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும். பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர் தாதுவிலும் ஆலிவினிலும், அவற்றைச் சூழ்ந்த நுண்துகள் பின்னணியிலும் விகிதம் ஒன்றாக இருந்தால் பெரிலியம்-10 எரிமலைக் குழம்பிலேயே இருந்தது. பின்னணியில் மட்டும் எகிறினால் மழையின் வேலை. இந்தச் சோதனையைத் தவிர்த்த முடிவை நான் ஏற்பதில்லை.

ஆய்வகத்தில், கல்லில் இயல்பாக உள்ள பெரிலியம்-9ஐ முதலில் தனிப் பகுதியில் அளந்துவிடுங்கள். அளவீட்டுக்காக வெளியிலிருந்து சேர்க்கும் பெரிலியம்-9ஐ, அதாவது கேரியரை, சேர்த்த பிறகு அது தெரியாது. போரான்-10க்கும் இதே நிறை. அதனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆவியாக்கும்போது போரானை முடிந்தவரை விரட்ட வேண்டும். பெரிலியம்-10 அணுக்களை எண்ணுவது முடுக்கி நிறைமாலைமானியில், அதாவது அணுக்களை வேகப்படுத்தி நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியில். கிராமுக்கு 10 லட்சம் அணுக்களோ அதற்குக் கீழோ என்றால் தட்டு புதையாத இடத்து எரிமலைகளிலும் காணும் அடிமட்ட அளவுதான். நிகரகுவா லாவாக்கள் அதைப் பல மடங்கு தாண்டுகின்றன.

எவ்வளவு வண்டல் என்பதற்கு மற்ற ஐசோடோப்புகள் வேண்டும். இங்கே செறிவைக் கவனிக்க வேண்டும். மேன்டிலில் ஈயம் சுமார் 0.02 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), வண்டலில் 20 என்று வையுங்கள். 1 சதவீத வண்டல் கலந்தாலே கலவையின் ஈயத்தில் 90 சதவீதம் வண்டலுடையது. ஸ்ட்ரான்சியத்துக்கு மேன்டிலில் 8, வண்டலில் 330 என்று போட்டால் வண்டலின் பங்கு 30 சதவீதத்தைத் தொடாது. ஈயம் சத்தமாகப் பேசுகிறது என்பதற்காக வண்டல் நிறைய என்று எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் மட்டும் உயர்ந்து, நீரோடு எளிதில் நகராத நியோடிமியத்தின் விகிதம் அசையாவிட்டால், கடல்நீர் பட்டு மாறிய பசால்ட்டிலிருந்து வந்த நீரைச் சந்தேகியுங்கள்.

பக்கத்து கோஸ்டாரிகா லாவாக்களில் பெரிலியம்-10 மிகக் குறைவு. அகழியிலேயே வண்டல் வழித்தெடுக்கப்பட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1996இல் கோஸ்டாரிகாவின் நிக்கோயா தீபகற்பத்துக்கு அப்பால் கடலடியில் துளையிட்டபோது வண்டல் அடுக்கு முழுதும் உள்ளே போவது தெரிந்தது. அப்படியானால் புது வண்டல் இன்னும் ஆழத்தில் மேல்தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது மேல்தட்டிலிருந்து அரிபட்ட பழைய பாறை அதை நீர்க்கச் செய்திருக்கலாம். போதாக்குறைக்கு, பசிபிக்கில் உள்ள கலாபகோஸ் தீவுகளின் பக்கமிருந்து வரும் கடலடி மலைகளும் அங்கே புதைகின்றன. மத்திய கோஸ்டாரிகா லாவாவின் ஈயத்தில் அவற்றின் சாயல் தெரிகிறது. அதனால் ‘வண்டல் புதையவில்லை’ என்று எழுத வேண்டாம். ‘புது வண்டல் குழம்பை எட்டவில்லை, அல்லது நீர்த்துப்போய் எட்டியது’ என்று எழுதுங்கள்.