ஸ்டார்டியூ வேலியை நிறுத்தச் சொல்லச் சரியான நேரம்

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய வீடியோ கேம் பிடித்துப்போகக் காரணம், அதில் விதி மாறுவதில்லை. பருவத்துக்கு 28 நாள்; நாள் காலை 6 மணிக்குத் தொடங்கும். சிக்கல் பெரும்பாலும் நிறுத்தச் சொல்லும்போதுதான்.

கணினியில் ஆட்டம் சேமிக்கப்படுவது, கதாபாத்திரம் படுக்கையில் படுத்துத் தூங்கும்போது. நடுவில் அணைத்தால் அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. அப்போது வரும் கோபத்தை அடம் என்று சொல்வது நியாயமே இல்லை. “அஞ்சு நிமிஷத்துல எழுந்திரு” என்பதற்குப் பதிலாக, “இன்னும் ரெண்டு நாள் ஆடிட்டுத் தூங்க வெச்சிடு” என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். ஆட்டத்தின் ஒரு முழு நாள் ஏறக்குறைய 14 நிமிடம். இரண்டு நாள் அரை மணிக்குள் முடியும். சாப்பிடக் கூப்பிட்டால் மெனுவைத் திறந்தால் போதும். தனியாக ஆடும்போது கடிகாரம் நின்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் பேட்டரி உள்ள லேப்டாப்பே நல்லது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும்.

இன்னொன்று, பருவம் மாறும் காலையில் பழைய பருவத்துப் பயிர் பட்டுப்போகும். பார்ஸ்னிப் என்ற கிழங்கு விளைய 4 நாள், அதனால் ஆட்டத்தின் வசந்தப் பருவத்தில் 24-ஆம் தேதிக்குப் பிறகு, வளர்ச்சியை வேகப்படுத்தும் உரமில்லாமல் விதைத்தால் வீண். சம்பாவுக்குப் பட்டம் பார்க்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம்! தேதியைக் காலண்டரில் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சத்தம் உறுத்தினால், அமைப்புகளில் இசை, காலடி ஓசை ஆகியவற்றைத் தனித்தனியே குறைக்கலாம்.