வேலூரில் வாடகை வீடு: குறைந்த செலவில் எதை மாற்றினால் வாடகை கூடும்?

ஃப்ளாட் காலியானதும் நம்ம ஊர் ஓனர்கள் முதலில் பெயின்டரைக் கூப்பிடுவார்கள். கையில் இன்னும் கொஞ்சம் காசிருந்தால் ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீல விளக்கு. வீடு பார்க்க வருகிறவர் இரண்டையும் அண்ணாந்து பார்த்து "நல்லா இருக்குங்க" என்பார். அப்புறம் கேட்பார்: "தண்ணி எப்படி? ஏசி பாயின்ட் இருக்கா?" வாடகையை முடிவு செய்வது இந்த இரண்டாவது பேச்சுதான். முதல் தடவை வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எந்த வரிசையில் வேலை செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: யார் குடி வருவார்கள் என்று யோசியுங்கள்

காட்பாடி பக்கம் என்றால் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மாணவர்கள், ஆசிரியர்கள். தோட்டப்பாளையம், காந்தி ரோடு வட்டாரம் என்றால் சி.எம்.சி. மருத்துவமனை ஊழியர்களும், சிகிச்சைக்காக வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து சில மாதம் தங்கும் குடும்பங்களும். சத்துவாச்சாரியில் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸுக்கு, படுக்கையறை ஜன்னலில் தடித்த திரையும் வாசலில் உறுதியான பூட்டும் முக்கியம். முட்டி வலியுள்ள நோயாளிக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு வீடே இல்லை. மாணவர்களுக்கு மேசைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் போதும், மாடுலர் கிச்சன் அவர்களுக்குத் தண்டம்.

படி 2: கணக்குப் போடுங்கள்

செலவைக் கூடுதல் வாடகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு 18,000 ரூபாய் ஆகிறது, அதனால் மாதம் 750 கூடுதலாகக் கேட்க முடியும் என்றால் 24 மாதத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும். இரண்டு வருடத்துக்குள் வந்தால் தயங்காமல் செய்யலாம். நான்கைந்து வருடம் ஆகும் என்றால் அது உங்கள் ஆசைக்குச் செய்கிற வேலை, செய்யுங்கள், ஆனால் வாடகைக் கணக்கில் எழுதாதீர்கள். கூடுதலாக எவ்வளவு கேட்கலாம் என்பதை ஊகிக்க வேண்டாம். அதே தெருவில் அதே அளவில் தொங்கும் டூலெட் போர்டுகளில் நான்கைந்துக்கு போன் போட்டு, என்ன வசதிக்கு என்ன வாடகை என்று கேட்டால் தெரிந்துவிடும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அந்த மாத வாடகையும் செலவுதான் என்பதை மறக்காதீர்கள்.

படி 3: தண்ணீர்

"தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று நம்ம ஊரைக் கிண்டலாகச் சொல்வார்கள். பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடப்பதால் போர்த் தண்ணீரை நம்பித்தான் பல அபார்ட்மென்ட்கள் ஓடுகின்றன. போர்த் தண்ணீர் என்றால் உப்பு. குழாயில் வெள்ளைப் படிவு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. வருகிறவர் முதலில் பார்ப்பது இந்தக் குழாய்களைத்தான்.

இதற்கு இரண்டு வேலை. முதலாவது சுத்தம். கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட் தூள்) வாங்கி வெந்நீரில் கரைத்து, பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு உதிரும். ஷவர் தலையைக் கழற்றி அதே தண்ணீரில் ஊறப் போடலாம். பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் வேண்டாம். டைல்ஸின் மினுமினுப்பும் இடுக்கில் பூசிய சிமென்ட்டும் அதில் அரித்துப் போகும், குழாயின் குரோம் பூச்சும் உரியும்.

இரண்டாவதுதான் வாடகையைக் கூட்டும் வேலை. உங்கள் கட்டடத்துக்குக் காவிரிக் குடிநீர் இணைப்பு இருந்தால், நல்ல தண்ணீருக்கென்று தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்து, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் ஒரு தனி லைன் இழுங்கள். சிங்க்கில் இரண்டு குழாய்: ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும் வேலை மிச்சம். வாடகை பேசும்போது வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தாலே இதன் மதிப்பு தெரியும்.

படி 4: வெயில்

சுற்றிலும் பாறை மலைகள், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை இரவில் கக்கும். அக்னி நட்சத்திரத்தில் மேல் மாடி வீட்டின் கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் தோசைக்கல்தான். அதனால்தான் மேல் மாடிக்கு வாடகை குறைத்துக் கேட்கிறார்கள். சரிசெய்ய முடிந்த குறை இது.

மொட்டை மாடியில் வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் வெயில் திருப்பி அனுப்பப்படும், தளம் அவ்வளவாகச் சூடேறாது. செய்முறை இது: தரையைத் துடைப்பத்தால் பெருக்கி, கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காய விடுங்கள். விரிசலை அதற்குரிய பூச்சால் அடையுங்கள். பிறகு பிரைமர். அதன் மேல் இரண்டு கோட், முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். கொதிக்கும் தளத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் காலை வெயில் ஏறுவதற்குள்ளோ சாயங்காலமோ அடிப்பது நல்லது. பட்ஜெட் இடிக்கிறதா? சுண்ணாம்பில் பசை கலந்து அடிக்கலாம், ஆனால் மழையில் கரையும், வருடா வருடம் கோடைக்கு முன் திரும்ப அடிக்க வேண்டும். அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடி பொது இடம், எனவே அசோசியேஷனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய ஃபேனுக்குப் பதிலாக பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரன்டில் ஓடும் மோட்டார் உள்ளது) மாட்டினால், 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் போலத்தான் இழுக்கும். கரன்ட் பில் குடியிருப்பவருக்குத்தானே என்று விடாதீர்கள், ரிமோட்டோடு இருக்கும் ஃபேன் பேரத்தில் கை கொடுக்கும்.

படி 5: ஏசி பாயின்ட்

ஏசி நீங்கள் வாங்கித் தர வேண்டாம். வாங்கிக் கொடுத்தால் ரிப்பேருக்கு உங்களுக்குத்தான் போன் வரும். பாயின்ட் மட்டும் போதும். மெயின் போர்டிலிருந்து படுக்கையறைக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், சரியான எர்த், தனி எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்). கூடவே, எலக்ட்ரீஷியனிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போர்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், உயிர் காக்கிற சாமான் அது.

பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று: ஏசி பைப்புக்கான ஓட்டையை இப்போதே போட்டு மூடி வைத்து விடுங்கள். ஓட்டை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஏசி தண்ணீர் வடிய ஒரு குழாயைக் கீழே வரை இறக்கிவிட்டால், கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போட்ட கொடியில் சொட்டாது, சண்டையும் வராது.

தனி மின் இணைப்பு இல்லாமல், ஓனர் இணைப்பிலிருந்தே பிரித்து அளக்கும் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளைக் குடித்தனக்காரர்கள் இப்போதெல்லாம் தவிர்க்கிறார்கள். காரணம் எளிது: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது சப் மீட்டர்காரருக்குக் கிடைப்பதில்லை. தனி சமையலறையோடு உள்ள தனிக் குடித்தனம் என்றால் மின்வாரியத்தில் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

படி 6: பாத்ரூம், சில்லறை வேலைகள்

வெஸ்டர்ன் டாய்லெட், ஹெல்த் ஃபாசெட், எக்ஸாஸ்ட் ஃபேன், மார்கழிக் குளிருக்கு கீசர் பாயின்ட். ஜன்னல்களுக்குக் கொசுவலை. சமையலறையில் இடமிருந்தால் கடப்பா கல்லில் இரண்டு தட்டு, லாஃப்டுக்குக் கதவு. இவ்வளவுதான்.

படி 7: பெயின்ட் கடைசியில்

சுவரில் ஓதம் இருந்தால் கசிவை அடைக்காமல் மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது காசைக் கரியாக்குவது. அடுத்த மழைக்குப் பொரிந்து நிற்கும். பாத்ரூம் பைப்போ மொட்டை மாடியோ, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவர் காய்ந்த பிறகு வெளிர் நிறம் அடியுங்கள்.

படி 8: ஆள் குடியிருக்கும்போது செய்தால்

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். குடித்தனக்காரர் இருக்கும்போது வசதியைக் கூட்டி வாடகையை ஏற்ற விரும்பினால், வேலை தொடங்கும் முன்பே அவரோடு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்றிய வாடகை வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் நடப்புக்கு வரும். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், ஒயரிங் பராமரிப்பு போன்றவை உரிமையாளர் பராமரிப்புக் கணக்கில் வருபவை, அவற்றைக் காட்டி "வசதி கூட்டினேன்" என்று ஏற்ற முடியாது. ஏசி பாயின்ட், நல்ல தண்ணீர் லைன் மாதிரியானவற்றை ஒப்பந்தத் தாளில் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 9: போர்டு

"வீடு வாடகைக்கு" என்று மட்டும் எழுதித் தொங்கவிட்டால் நாள் முழுக்க போனில் அதே கேள்விகள்தான். இப்படி எழுதிப் பாருங்கள்: "2 பெட்ரூம், 2-வது மாடி, தனி இ.பி. மீட்டர், ஏசி பாயின்ட், சமையலறையில் காவிரித் தண்ணீர், வெஸ்டர்ன் டாய்லெட்." வாடகைத் தொகையையும் போட்டுவிடுங்கள், பேரம் பேச வருகிறவர் கூட்டம் பாதியாகக் குறையும்.