கமடோர் 64: கிராஃபிக்ஸ் சிப்பைக் கழற்றுவதற்கு முன்

பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியை வாங்குகிறவர்கள் எனக்கு அனுப்பும் வீடியோக்களில் பாதி ஒரே ரகம். திரையில் சாம்பல் புள்ளி, இல்லையென்றால் நடுங்கும் வண்ணக் கோடு. கூடவே "அண்ணே, சிப் போச்சா?" என்று ஒரு கேள்வி. தூசி தட்டுங்கள், கேபிளைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். பலர் செய்யும் மற்ற தவறுகள் கீழே.

எண்ணைப் படிக்காமல் சிப் மாற்றுவது

இந்த ஒன்றில்தான் இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பால் (PAL, நம் ஊர் டிவி முறை) மெஷின்களில் வந்த விக்-2 என்ற கிராஃபிக்ஸ் சிப்பின் பழைய எண் 6569, பின்னால் வந்தது 8565. இரண்டுக்கும் 40 கால்கள், ஒரே சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் 13ஆம் காலில் பழையதற்கு 12 வோல்ட் வேண்டும், புதியதற்கு 5 வோல்ட். பழைய போர்டில் 8565ஐச் செருகி ஸ்விட்சைப் போட்டால் சிப் காலி.

ஜூரோங்கில் ஒரு தம்பி அப்படித்தான் செய்தார். ஒரு டெமோவில் (திரையில் வித்தை காட்டும் நிரல்) வண்ணக் கோடுகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிந்தன. புதிய சிப் போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, வெளிநாட்டிலிருந்து 8565 வரவழைத்தார். தபாலோடு நூறு வெள்ளிக்கு மேல். போட்டார், திரை கருப்பு. பழைய 6569ஐ வீசாமல் வைத்திருந்தாரே, அதுவரை நல்லது. அந்தப் பழைய சிப்பில் ஒரு குறையும் இல்லை. டெமோ அமெரிக்க மெஷினுக்கு எழுதியது. அங்கே 6567ஆர்8 சிப்பில் திரையின் ஒரு வரிக்கு 65 சுழற்சி (கடிகாரத் துடிப்பு), நம் பால் சிப்பில் 63. ஒரு சுழற்சிக்கு 8 பிக்சல், அதனால் வரிக்கு வரி 16 பிக்சல் தள்ளிப்போகும்.

சாம்பல் புள்ளியும் இதே கதைதான். நிரல் வண்ணப் பதிவேட்டில் (சிப்பில் வண்ண எண் இருக்கும் இடம்) எழுதும் கணத்தில் 8565 ஒரு புள்ளியைக் காட்டிவிடும். அதன் பிறவிக் குணம் அது, எத்தனை 8565 மாற்றினாலும் போகாது.

கேஸைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மெலிந்த 64சி கேஸுக்குள் பழைய போர்டும் வந்திருக்கிறது. இருக்கிற சிப்பைக் கழற்றும் முன்பே 13ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 12 காட்டினால் அந்த போர்டில் 8565 கூடாது.

ராஸ்டர் இன்டரப்ட் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம்புவது

ராஸ்டர் இன்டரப்ட் என்பது திரையில் குறிப்பிட்ட வரி வந்ததும் விக்-2 சிபியுவுக்கு (மெஷினின் மூளைக்கு) கொடுக்கும் அழைப்பு. அதற்கான பதில் சொன்ன நேரத்துக்கு வராது. கையில் இருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் சிபியு எழுந்து வரும். கட்டளைக்குக் கட்டளை நேரம் மாறும், கோடு நடுங்குவது அதனால்தான். போதாததற்கு, எழுத்துகள் இருக்கும் பகுதியில் 8 வரிக்கு ஒரு தடவை விக்-2 பஸ்ஸை (தகவல் போகும் பாதையை) பிடுங்கிக்கொண்டு சிபியுவை 40 முதல் 43 சுழற்சி வரை நிறுத்திவைக்கும். அந்த வரியில் உங்களுக்கு மிஞ்சுவது இருபது சொச்சம்.

எமுலேட்டரில் ஓடியதும் வேலை முடிந்தது என்பது

பழைய மெஷினைப் போல நடிக்கும் அந்த மென்பொருளில் சிப் வகையை மாற்றியும் ஓட்டிப் பாருங்கள்.

6567ஆர்56ஏ

அமெரிக்க மெஷினில் முதலில் வந்த சிப் இது, இதற்கு வரிக்கு 64 சுழற்சி. ஆமாம், இன்னொன்று.

அமெரிக்க மெஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்பது

அது வோல்டேஜை மட்டும்தான் இறக்கும். சிங்கப்பூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். மெஷினின் நேரக் கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடுவதால், 60 என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு 50 நிமிடம்தான் காட்டும். 56334ஆம் நினைவக முகவரியில் 128 மதிப்புள்ள பிட்டை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.