பாலிசி பிடிக்கவில்லையா? 30 நாள் இருக்கிறது

புதிதாக எடுத்த ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ சரிப்படாது என்று தோன்றினால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் 'ஃப்ரீ லுக்' என்று குறிப்பிட்டு ரத்து செய்யுங்கள். 'சரண்டர்' (பாலிசியைப் பாதியில் கைவிடுவது) என்று எழுதிவிடாதீர்கள், அதில் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடும். ஃப்ரீ லுக்கில் காப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் மட்டும் கழித்து மீதியைத் தந்துவிடுவார்கள். யூலிப் (காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) என்றால் ரத்து செய்யும் அன்றைய முதலீட்டு யூனிட் மதிப்பும் சேரும்.

நாள் கணக்கு பத்திரம் கிடைத்த தேதியில் தொடங்குகிறது. அதனால் மின்னஞ்சலையோ கூரியர் உறையையோ பத்திரப்படுத்துங்கள். எத்தனை வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்ற வரியை முதலில் பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதும் அச்சில் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான் மாறும்.

புதுப்பித்த பாலிசிக்கும், ஓராண்டுக்குக் குறைவான மருத்துவ பாலிசிக்கும் இது கிடையாது. 'கிரேஸ் பீரியட்' வேறு: அது தாமதமாகப் பிரீமியம் கட்டத் தரும் அவகாசம், மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள்.