மீட்டருக்கு முன்னால் சோப்புநீர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் ஏர் கம்ப்ரசரின் மின்செலவைக் குறைக்க, காற்றோட்டத்தை அளக்கும் டிஜிட்டல் ஃப்ளோ மீட்டர்தான் முதலில் கேட்டார்கள். அதை நிறுத்திவைத்தோம்.

இயந்திரங்களை எல்லாம் அணைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பார்த்தால் லோடில் (காற்றை அழுத்தி ஏற்றும்போது) 2 நிமிடம், அன்லோடில் (ஏற்றாமல் சும்மா ஓடும்போது) 6 நிமிடம். 2÷(2+6): கொள்ளளவில் 25% கசிவுக்கே போகிறது. 10%க்குள் இருந்தால் தேவலை.

மூட்டுகளில் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் குழாய் அல்ல; குவிக் கப்ளிங்கின் (சட்டென மாட்டிக் கழற்றும் இணைப்பு) ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம், வடிகால் வால்வு, தளர்ந்த ஹோஸ் கிளாம்ப். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே உரியும்.

கசிவு அடங்கியபின் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6க்கு இறக்கலாம். மின்செலவு ஏறத்தாழ 7% குறையும். முந்திக்கொண்டு இறக்கினால் கடைசி இயந்திரத்தின் சிலிண்டர் திணறும்.

பிறகுதான் ஃப்ளோ மீட்டர். லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) முடிந்த முதல் நிமிடங்களின் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டேங்க் நிரம்புவதையும் கசிவென்றே காட்டும்.